சுண்ணாம்புக்குள் இருந்த குறி

அத்தியாயம் 11

காணும் பொங்கலன்று காலையிலேயே ஒருத்திக்குக் கோபம் வந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பச்சையம்மாவுக்குப் பதினேழு வருஷமாக இந்த நாளில் கோபம்தான் வந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் அது விடியும் முன்பே வந்து அடுப்படியில் உட்கார்ந்துவிட்டது.

பசியாவரம் ஊரே படகேறிக்கொண்டிருந்தது. புளிச்சோறு, வறுத்த இறால், சர்க்கரைப் பொங்கல் என்று தூக்குகளும் பானைகளும் கை மாறின. ஏரி முழுக்கப் புதுச்சேலையும் சிரிப்பும்தான். அவள் மட்டும் சோற்று மூட்டையை இறுக்கிக் கட்டினாள். கட்டின வேகத்தில் துணி கிழிந்தது.

"இன்னாம்மா, துணி இன்னா பண்ணுச்சு உன்ன?" என்றாள் மகள் செல்வம்மாள்.

"வாயை மூடிக்கினு பானையைத் தூக்கு."

கோபத்துக்குக் காரணம் போன வாரமே நமக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வந்தவர்களுக்கு.

பசியாவரத்தில் சோறு என்றால் பாடு. ஏரியில் இறால் கூடும் நல்ல இடங்கள் எவனுக்கும் சொந்தமில்லை. தை பிறந்ததும் அம்மன் கோயில் வாசலில் பானை வைப்பார்கள். வீட்டுக்கு ஒரு மரச்சில்லு, சில்லில் அந்த வீட்டுக் குறி. பானைக்குள் கைவிட்டு எடுக்கும்போது சில்லு வருகிற வரிசைப்படி வலை இறக்கும் முறை வரும். அதுதான் பாடு. பானையில் சில்லு இல்லாதவன் ஏரிக்கரையில் இருந்தும் பட்டினிதான். பெண்பிள்ளைக்குச் சில்லு கிடையாது. ஆனால் வீட்டோடு வந்து தங்கும் மருமகனுக்கு உண்டு.

பச்சையம்மாவின் புருஷன் நீலமேகம் சண்டையில் போய்ச் சேர்ந்தபோது செல்வம்மாள் வயிற்றில் இருந்தாள். அன்றிலிருந்து தம்பியின் சில்லும் அண்ணன் கோதண்டத்தின் கையில். இரண்டு பாட்டுக்கு வலை இறக்கி, பெரிய படகு கட்டி, ஊர்ப் பெரியதனமும் ஆகிவிட்டார் மனிதர். இப்போது செல்வம்மாளைக் கேட்டு வடக்குக் குப்பத்திலிருந்து தெய்வசிகாமணி வந்திருக்கிறார். எங்கிருந்தோ வந்து அந்தக் குப்பத்தில் குடியேறியவர், அதிகம் பேசாத மனிதர். தன் ஒரே மகன் சகாதேவனை வீட்டோடு மாப்பிள்ளையாகவே அனுப்புகிறேன் என்று அவரே சொன்னபோது ஊர் வாயைப் பிளந்தது. ஒற்றை ஆண்பிள்ளையை எவன் தானாக முன்வந்து தாரைவார்ப்பான்?

கோதண்டம் மட்டும் வாயைப் பிளக்கவில்லை. "தம்பி பாடு என் பாட்டோட கலந்துபோச்சு. கலந்த தண்ணியைப் பிரிக்க முடியுமா?" என்று கூட்டத்தில் கையை விரித்துவிட்டார். நாளைக்குப் பானை. நாளைக்குச் சில்லு விழாவிட்டால் சகாதேவன் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வரமுடியாது, கூலிக்கு வலை இழுக்கத்தான் வரமுடியும்.

இவ்வளவையும் செய்துவிட்டு, "சம்பந்தி வீட்டுக்காரங்களுக்கு என் தம்பி செத்த எடத்தையெல்லாம் காட்டணும், எல்லாரும் என் படகுலயே வாங்க" என்று கூப்பிடவும் அவருக்கு மனசு வந்ததே, அதுதான் பச்சையம்மாவுக்குத் தாங்கவில்லை.

முதலில் கோட்டை. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், திரும்பி வந்து கொடி ஏற்றி நாலு வருஷமாகியும் கோட்டையைத் திரும்பக் கட்டவில்லை. கும்பினி இங்கிலீஷ்காரன் போகும்போது வெடி வைத்துத் தகர்த்த மதில் அப்படியே கிடந்தது. செங்கல் குவியலில் ஆடுகள் மேய்ந்தன. கோதண்டத்தின் பேரப்பிள்ளைகள் குவியல் மேல் ஏறிக் குதித்தார்கள்.

கோதண்டம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டார். கூத்துக்காரன் மேடை ஏறியதும் தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு செருமல்.

"இங்கேர்ந்துதான் வெடிமருந்துப் பீப்பாயை ஏத்துனாங்க. கடல்ல கும்பினிக் கப்பல் மருந்து இல்லாம நிக்குது. எதிர்ல பிரான்சுக்காரன் கப்பல் அஞ்சு."

"போன வருஷம் மூணுன்னு சொன்னீங்க பெரியநைனா," என்றாள் செல்வம்மாள்.

சகாதேவன் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டான். கோதண்டம் காதில் விழாததுபோல் தொடர்ந்தார்.

"எங்க ஊர்லேர்ந்து ஒரு ஆளு, வெளிக் குப்பத்துலேர்ந்து ஒரு ஆளு, ரெண்டு பேர் மருந்துப் படகு தள்ளணும்னு உத்தரவு. யாரு போறது? பானையில சில்லு போட்டோம். அப்ப பெரியதனம் தேசப்பன். அவர் கையை விட்டாரு. என் தம்பி சில்லு வந்துச்சு. அம்மன் கூப்ட்டா போய்த்தானே ஆவணும்? சிரிச்சிகினே போனான்."

சிரித்துக்கொண்டா போனார்? பச்சையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சாப்பிடக்கூட இல்லை. விடியற்காலையில் வாசலில் நின்று, "அண்ணனுக்கு ஒரு வேலை கீது, போய்ட்டு வந்துடறேன்" என்றார். கூழை ஊற்றி வைத்துக்கொண்டு அவள் உச்சிவரை உட்கார்ந்திருந்தாள். அப்புறம் முகத்துவாரப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. மண்ணெல்லாம் அதிர்ந்தது.

தெய்வசிகாமணி மட்டும் கோட்டைப் பக்கமே திரும்பவில்லை. படகோரமாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியும் இடது தோளிலிருந்து மணிக்கட்டு வரை துண்டைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்.

"அண்ணே, வெயில்ல புழுங்கலயா?" என்று கேட்டாள் பச்சையம்மா.

"பழகிடுச்சும்மா," என்றார். அவ்வளவுதான் பதில்.

அடுத்தது ஒல்லாந்தர் கல்லறை. வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருப்பதால் ஊருக்கு அது எலும்பு வாசல். பிள்ளைகள் அலறிக்கொண்டே உள்ளே ஓடினார்கள், அலறிக்கொண்டே வெளியே வந்தார்கள், மறுபடி உள்ளே ஓடினார்கள். கோதண்டம் ஒவ்வொரு கல்லாகக் காட்டி, இது தளபதி, இது கப்பல் தலைவன் என்று அளந்துகொண்டே போனார். அவருக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.

பச்சையம்மா ஒரு கல்லின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். எழுத்து ஆழமாக இருந்தது. யார் என்று தெரியாது, எந்த ஊர் என்று தெரியாது. ஆனால் வெட்டினவன் அழியக்கூடாது என்று வெட்டியிருக்கிறான். மழை எத்தனை பெய்தாலும் விரல் வைத்தால் தெரியும். முகத்துவாரத்தில் தன் புருஷனுக்கு நட்ட கல்லை மட்டும் ஏன் வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து மூடுகிறார்கள் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

"மாமா, நம்ம கல்லுல குறி வெட்டியிருக்குமே, அதை ஏன் நாம பாக்கறதே இல்ல?"

கோதண்டம் சட்டென்று திரும்பினார். "செத்தவன் குறியைப் பொம்பள பாக்கக்கூடாது. அதுக்குத்தான் சுண்ணாம்பு."

"இது எப்பலேர்ந்து சட்டம்?"

"எல்லாத்துக்கும் கேள்வி கேக்காத பச்ச. நல்ல நாளு."

நல்ல நாள்தான். அவருக்கு எல்லா நாளும் நல்ல நாள்.

சாப்பாடு முடிந்து முகத்துவாரத்து மணல்திட்டுக்குப் போனபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. திட்டின் நடுவில் நீலமேகத்தின் கல். இடுப்பளவு உயரம். முந்தின நாள்தான் கோதண்டம் தனியாக வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போயிருந்தார். "என் தம்பிக்கு நானே அடிப்பேன், வேற ஆள் கை படக்கூடாது" என்று அவர் சொல்வதைக் கேட்டு ஊரே உருகும். பச்சையம்மாவும் ஒரு காலத்தில் உருகினவள்தான்.

ஐப்பசிப் புயலில் இந்தக் கல் குப்புறச் சாய்ந்து, உப்புத்தண்ணீரில் ஊறிக் கிடந்தது. பழைய சுண்ணாம்பெல்லாம் பொருக்குப் பொருக்காக உரிந்து போயிற்று. தூக்கி நட்டு, நேற்றுதான் புதுச் சுண்ணாம்பு. தை மாசத்துப் பனியில் அது காயவே இல்லை.

பச்சையம்மா இலை போட்டாள். சர்க்கரைப் பொங்கல் வைத்தாள், நீலமேகத்துக்குப் பிடித்த வறுத்த இறால் வைத்தாள். கோதண்டம் வழக்கம்போல் தண்ணீரைக் கையில் அள்ளி மூன்று சொட்டுத் தெளிக்க வந்தார்.

"இருங்க மாமா. இந்த வருஷம் பொண்ணு ஊத்தட்டும். கல்யாணம் ஆவப்போறவ. அவங்க நைனாவை ஒரு தடவை குளிப்பாட்டட்டும்."

"சுண்ணாம்பு ஈரம். வேணாம்."

"போனா போவுது. நாளைக்கு அடிச்சுக்கலாம்."

"வேணாம்னு சொல்றேன்ல." கோதண்டம் கல்லுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

இதுவரைக்கும் அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அவர் நடுவில் வந்து நின்றதும்தான் பிடிவாதம் ஏறியது. பதினேழு வருஷமாக இந்த ஆள் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நின்றிருக்கிறார். ஏரிக்கும் அவளுக்கும் நடுவில், சோற்றுக்கும் அவளுக்கும் நடுவில், இப்போது செத்த புருஷனுக்கும் அவளுக்கும் நடுவில்.

"நவுருங்க," என்றாள்.

அவர் நகரவில்லை. செல்வம்மாள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் குடத்தைக் கல்லின் தலையில் கவிழ்த்துவிட்டாள். வெள்ளையாகத் தண்ணீர் ஓடியது. பச்சையம்மா தேங்காய் நாரை எடுத்துத் தேய்த்தாள். சுண்ணாம்பு குழைந்து வந்தது. அடியில் கருங்கல் தெரிந்தது, கல்லில் குறி தெரிந்தது.

மூன்று நேர்க்கோடு, மேலே ஒரு வளைவு.

அவள் கீழே தேடினாள். அண்ணன் தம்பி இரண்டு வீட்டுக்கும் குறி ஒன்றுதான். தம்பி வீட்டுக்கு மட்டும் மூன்று கோட்டுக்கும் அடியில் ஒரு குறுக்குக் கோடு உண்டு. வலை மிதவை ஒவ்வொன்றிலும் கம்பியைக் காய்ச்சி அந்தக் குறுக்குக் கோட்டைப் போட்டவளே அவள்தான். மிதவை ஒன்று இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. நாரைப் போட்டுவிட்டு விரலால் தடவினாள். மணலைத் தோண்டிக் கல்லின் அடிவரை தடவினாள். குறுக்குக் கோடு இல்லை.

"மாமா, இது யார் குறி?"

"கல்தச்சன் தப்பாச் செதுக்கிட்டான்."

"பானையிலேர்ந்து வந்த சில்லைத்தானே கல்தச்சன் கையில குடுப்பாங்க? அதைப் பாத்துதானே அவன் வெட்டுவான்?"

"அந்தச் சில்லு தேஞ்சிருக்கும்."

"தப்புன்னு தெரிஞ்சா கல்லை மாத்தியிருக்கணும். நீங்க வருஷா வருஷம் தனியா வந்து மூடிட்டுப் போனீங்க."

கோதண்டம் சுற்றிலும் பார்த்தார். பக்கத்துத் திட்டில் வேறு குடும்பங்கள் சிரித்துக்கொண்டிருந்தன. குரலைத் தாழ்த்தினார். "பச்ச, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"உங்க சில்லு வந்துச்சு. நீங்க போவல. 'அண்ணனுக்கு ஒரு வேலை கீது'ன்னு சொல்லிட்டுப் போனாரு எம்புருஷன். அந்த வேலை இன்னான்னு எனக்கு இப்பத்தான் தெரியுது."

"நான் அனுப்பல. அவனாத்தான் போறேன்னான்." வியர்த்துக் கொட்டியது அவருக்கு. "எனக்கு அப்ப நாலு புள்ளைங்க. அவனுக்குன்னு ஒண்ணும் கெடையாது."

"இவ என் வயித்துல இருந்தா."

"அது..."

"இவளை எண்ணிக்கலயா நீங்க?"

செல்வம்மாள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கப்பலை எண்ணிக் கிண்டல் செய்த பெண்ணின் முகத்தில் இப்போது கிண்டல் இல்லை.

"நீங்க பெரியதனம். சட்டத்தை நீங்களே சொல்லுங்க," என்றாள் பச்சையம்மா. "ஒருத்தன் முறையில இன்னொருத்தன் போய்ச் செத்தா, அனுப்பினவன் பாடு யாருக்கு?"

அவர் படகு இருந்த பக்கம் திரும்பிக்கொண்டார். சகாதேவன்தான் சொன்னான், "செத்தவன் வீட்டுக்கு. எங்க குப்பத்துலயும் அதான் சட்டம்."

ஆக, பச்சையம்மாவுடையது தம்பி சில்லு மட்டுமில்லை. அண்ணன் சில்லும் அவளுடையது. அந்தப் பெரிய படகு, அந்த ஓட்டு வீடு, அந்தப் பெரியதனம் எல்லாம் அவள் மகள் சாப்பிட்டிருக்க வேண்டிய சோறு. பச்சையம்மாவோ அடுத்தவர் வீட்டு இறாலை உரித்துக் கொடுத்துக் கை புண்ணாகி, பிள்ளைக்குக் கூழ் ஊற்றினாள். அதையும் பொறுத்திருப்பாள். வருஷம் தவறாமல் இந்தக் கல்லின் முன்னால் விழுந்து கும்பிட வைத்தாரே. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

குனிந்து படையல் இலையை இரண்டு கையாலும் எடுத்தாள். கல்லின் முன்னாலிருந்து கோதண்டத்தின் காலடிக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

"பதினேழு வருஷமா உங்க குறிக்குத்தான் படைச்சிருக்கேன். இந்தத் தடவை நேர்லயே சாப்டுங்க."

"பச்சையம்மா..."

"கல்லுல குறி ஏறினவன் செத்தவன், அவனுக்குப் பானையில சில்லு கெடையாது. நாளைக்குக் கோயில் வாசல்ல வந்து சொல்றேன். பொம்பள வரக்கூடாதுன்னு எவன் தடுக்கறான்னு பாத்துடறேன்."

கோதண்டத்தின் பேரப்பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிப் படகில் உட்கார வைத்தாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபமில்லை. செல்வம்மாள் ஏறினாள், சகாதேவன் ஏறினான், தெய்வசிகாமணி ஏற்கெனவே படகில்தான் இருந்தார். திட்டில் அவர் கால் வைக்கவே இல்லை என்பதைப் பச்சையம்மா அப்போது கவனிக்கவில்லை.

கோதண்டம் தன் படகில் ஏற வந்தார். பச்சையம்மா கழியை ஊன்றி ஒரு தள்ளுத் தள்ளினாள். படகு விலகியது.

"ஏய், என் படகு அது."

"எந்தப் பாட்டுல கட்டுன படகு?" என்றாள் அவள்.

வேறு படகுகள் வரும், ஏற்றிக்கொள்ளும். ஏற்றிக்கொள்கிறவர்கள் ஏன் தனியாக நிற்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். கழியை எடுத்து எடுத்து ஊன்றினாள். சகாதேவன் உதவிக்குக் கை நீட்டியபோது தலையை ஆட்டி வேண்டாமென்றாள். அந்தக் கோபத்துக்கு அந்தக் கழி தேவையாக இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் திட்டிலிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது. அது கூத்துக் குரல் இல்லை. பற்களுக்கு நடுவிலிருந்து வந்தது.

"என்னை மட்டும் கேட்டியே. மருந்துப் படகுல போனது ரெண்டு பேரு. செத்தது ஒருத்தன்தான். இன்னொருத்தன் எங்க போனான்னு உன் சம்பந்தியைக் கேளு."

பிள்ளைகளுக்கு எதுவும் புரியவில்லை. சகாதேவன் தன் அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

தெய்வசிகாமணி நிமிரவில்லை. மறுக்கவும் இல்லை.

கழி சேற்றில் நின்றது. படகும் நின்றது. ஒற்றைப் பிள்ளையைத் தானாக முன்வந்து கொடுக்கிறேன் என்று சொன்ன மனிதரைப் பச்சையம்மா இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"துண்டை எடுங்கண்ணே," என்றாள்.

அவர் மெதுவாகத் துண்டைப் பிரித்தார். மணிக்கட்டிலிருந்து தோள்வரை வெந்து ஆறின தோல். செல்வம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சொல்லத்தாம்மா வந்தேன்," என்றார் தெய்வசிகாமணி. "உன் வீட்டு வாசல்ல நின்னப்ப வாய் வரல. பொண்ணு கேட்டுட்டேன்."

பச்சையம்மா கழியை இன்னும் ஆழமாக ஊன்றினாள்.

"இப்ப சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்தப் படகு நவுராது."